ரோஜென் கணவாயில் போட்ட சண்டை

டஃபினாவுக்குக் கோபுரக் கிரேன் ஓட்டுவது தொழில். ப்ளோவ்திவ் நகரத்தில் எங்கே புதுக் கட்டடம் எழும்பினாலும், அதன் தலைக்கு மேல் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் உட்கார்ந்திருப்பாள். பத்தொன்பது வயதில் அந்த ஏணியில் ஏறத் தொடங்கியவள் ஐம்பத்தொன்றிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தாள். பருத்த உடம்பு, உரத்த குரல். கீழே நிற்கும் ஆட்களுடன் வாக்கி-டாக்கியில் பேசிப் பேசி, வீட்டிலும் அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

நாற்பது மீட்டர் ஏணி ஏறினால் மார்கழிக் குளிரிலும் வேர்த்துக் கொட்டும். அந்த வேர்வையோடு கூண்டில் உட்கார்ந்தால் அரை மணியில் எலும்பு வரை விறைத்துவிடும். அதனால் மேலே போனதும் முதல் வேலையாக நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு உலர்ந்த சட்டை போட்டுக்கொள்வாள். முப்பது வருஷப் பழக்கம். எங்கே போனாலும் பையில் இரண்டு உலர்ந்த சட்டை இருக்கும், கல்யாணத்துக்குப் போனாலும்கூட. அவள் கணவன் ராத்கோ இதை வைத்துக் கேலி பண்ணாத நாள் கிடையாது.

ராத்கோவுக்கு ஒரு அக்கா. பெயர் வெலிச்கா. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணவன் வேலை தேடி வார்னா துறைமுகத்துக்குப் போனவன், திரும்பி வரவேயில்லை. ஒல்லி, நெடுநெடு உயரம், மூக்கு நுனியில் கோபம். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்தாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. டஃபினா மருமகளாக வந்த அன்றைக்கே சமையலறையில் தன் அம்மாவிடம் அவள் சொன்னது டஃபினாவின் காதில் விழுந்துவிட்டது. "உயரத்துல உக்காந்து உக்காந்து இவளுக்கு மனுஷங்க எல்லாரும் எறும்பாத்தான் தெரிவாங்க, பாரு." இருபத்தெட்டு வருஷமாகியும் அந்தச் சொல் டஃபினாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வெளியே எடுத்துப் போட்டதுமில்லை, மறந்ததுமில்லை. பண்டிகைக்குப் பார்த்தால் இருவரும் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். "அக்கா, சௌக்கியமா?" "சௌக்கியம் டஃபினா." அதோடு சரி.

வசந்தம் வந்தால் வெலிச்காவும் ராத்கோவும் சைக்கிளில் மலை தாண்டிக் கிரேக்கக் கடற்கரைவரை போய் வருவது வழக்கம். அந்த வருஷம் எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தபோது ராத்கோ பஸ் பணிமனையில் படியில் சறுக்கிக் காரை எலும்பை முறித்துக்கொண்டான். வெலிச்கா தனியாகவே போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"நீ கூடப் போயேன் டஃபி," என்று கட்டுப்போட்ட கையோடு ராத்கோ கெஞ்சினான். "தினமும் வேலைக்குச் சைக்கிள்லதானே போற. அவ தனியாப் போனா நான் இங்க படுத்துத் தூங்கவா முடியும்?"

"உங்கக்காவோட ஆறு நாளா? அதுக்கு நான் கிரேன்லேர்ந்து குதிச்சிடுவேன்."

சொன்னாளே தவிர, மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். கட்டின கணவன் கெஞ்சினால் வேறென்ன செய்வது?

ஏப்ரல் மூன்றாம் வாரம். ப்ளோவ்திவில் பாதாம் பூத்து முடிந்து செர்ரி பூத்திருந்தது. முதல் நாள் வெயிலும் காற்றுமாக நன்றாகத்தான் போயிற்று. பள்ளத்தாக்கோடு ஏறி, பொழுது சாயும் முன்பே செபெலாரே ஊரில் பேசிவைத்திருந்த விடுதிக்குச் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வானம் ஈயத்தட்டாகத் தொங்கியது. சாரல் அடித்தது. விடுதிக்காரம்மா தயிரும் பனீத்ஸா அப்பமும் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மேல ரோஜென்ல இது பனியா இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போங்களேன்."

வெலிச்கா கைப்பேசியை நீட்டினாள். "இங்க நாலு டிகிரி. நூறு மீட்டர் ஏறினா அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாக் குறையும். நாம ஏறப்போறது முந்நூறு மீட்டர். அப்பவும் சைபருக்கு மேல ரெண்டு டிகிரி நிக்கும். தண்ணி சைபர்லதான் உறையும்."

"கணக்குச் சரிதான் அக்கா. ஆனா காத்து கணக்குப் படிச்சதில்லையே," என்றாள் டஃபினா.

"அப்ப நீ இங்கயே இரு."

டஃபினா பையைக் கட்டினாள். விடுதிக்காரம்மாவிடம் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடியும், ரொட்டி வாங்கும் பிளாஸ்டிக் பைகள் நாலும் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெலிச்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். "போற இடத்துல பாத்திரமும் தேய்க்கப் போறியா?"

பெரிய சாலையில் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்ததால் வெலிச்கா பழைய காட்டுப் பாதையைத் தேர்ந்தெடுத்தாள். தார் போட்ட பாதைதான், ஆனால் குறுகல். இருபுறமும் ஊசியிலை மரங்கள். ஒரு மணி நேரம் ஏறியதும் சாரல் கனத்தது. பிறகு சத்தம் நின்றது. டஃபினா நிமிர்ந்து பார்த்தாள். மழை நிற்கவில்லை, வெள்ளையாக மாறியிருந்தது. ஈரப் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி பெரிய பெரிய பனிச் செதில்கள் மூக்கிலும் இமையிலும் ஒட்டின. கால் மணிக்குள் தார் மறைந்தது. சக்கரம் போன தடம் பின்னாலேயே மூடிக்கொண்டது.

டஃபினா இறங்கி இரண்டு சக்கரத்திலும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். டயர் தொளதொளவென்று ஆனால் பனியில் பிடிப்பு கிடைக்கும். வெலிச்காவின் சைக்கிளுக்கும் இறக்கினாள். கால் உறைக்கு மேல் ரொட்டிப் பையைச் சுற்றி அதற்கு மேல் ஷூ போட்டாள். ரப்பர் கையுறையைக் கம்பளிக் கையுறைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் மாட்டி விடட்டுமா அக்கா?"

"எனக்கு வேணாம். என்னோடது மலையேறுறவங்க போடுற கையுறை," என்றாள் வெலிச்கா.

கணவாயின் உச்சிக்கு வந்தபோது இருவருக்கும் தொப்பலாக வேர்த்திருந்தது. மேலே காற்று சாட்டையாக அடித்தது. டஃபினா ஒரு பெரிய மரத்தின் மறைவில் ஒதுங்கி, மேல்கோட்டைக் கழற்றி, நனைந்த சட்டையை உருவிப் போட்டுவிட்டு, உலர்ந்ததை மாட்டினாள். அந்த நிமிஷம் கத்தியால் அறுத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் உடம்பு கதகதவென்று ஆயிற்று.

"அக்கா, சட்டையை மாத்திக்கோங்க. இனிமே இறக்கம். மிதிக்க வேண்டாம், சும்மா உக்காந்திருக்கணும். அப்பத்தான் குளிரு உள்ள புகுந்துக்கும்."

"நடு ரோட்டுல நின்னு துணி அவுக்கிற பழக்கம் எனக்கில்ல."

"யாரு பாக்கப் போறா? மரமா?"

வெலிச்கா ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிரை வாங்கியது. பிரேக் பிடித்தால் கட்டை பனியை அரைத்ததே தவிர சக்கரம் நிற்கவில்லை. கியர்க் கம்பியில் பனி உறைந்து, சங்கிலி ஒரே பல்லில் சிக்கிக்கொண்டது. இருவரும் இருக்கையைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி நத்தையாக ஊர்ந்தார்கள். ஒரு வளைவில் வெலிச்காவின் சைக்கிள் பக்கவாட்டில் வழுக்கிப் போய்ச் சாலையோரப் பனியில் அவளைக் கவிழ்த்தது.

டஃபினா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். "எங்கயாவது பட்டுதா?"

"ஒண்ணும் படல."

"எந்திரிங்க."

"அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வரேன். நீ முன்னாடி போ."

அந்தக் குரலைக் கேட்டதும் டஃபினா குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். திருத்தும் குரல் அல்ல அது. குழைந்து, நாக்கு தடித்து, தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது. சற்று முன்புவரை பல் தந்தியடித்துக்கொண்டிருந்தவள் இப்போது நடுங்கவே இல்லை.

"குளிரலையா அக்கா?"

"இல்லயே. நல்லாத்தான் இருக்கு."

பதினைந்து வருஷத்துக்கு முன் பெட்ரானா என்ற கிரேன்காரி, ஹீட்டர் கெட்டுப்போன கூண்டிலிருந்து இதையேதான் சொன்னாள். "குளிரே இல்லடி, கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்." அவளைக் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். பிழைத்தாள், ஆனால் மூன்று விரல் போயிற்று. வலிக்கிற குளிரைத் தாங்கலாம். வலிக்காமல் போன குளிர்தான் ஆளைக் கொல்லும் என்று டஃபினாவுக்குத் தெரியும்.

கைப்பேசியை எடுத்தாள். தன்னுடையதில் சிக்னல் இல்லை. வெலிச்காவுடையது குளிரில் செத்துக் கிடந்தது.

பிறகு யோசிக்கவில்லை. வெலிச்காவை இழுத்து மரத்தடிக்குக் கொண்டுபோனாள். கோட்டையும் நனைந்த சட்டையையும் குழந்தைக்குக் கழற்றுவது போலக் கழற்றினாள். பையிலிருந்த இன்னொரு உலர்ந்த சட்டையை மாட்டினாள். அது வெலிச்காவுக்கு இரண்டு சுற்று வந்தது. அதற்கு மேல் விடுதியில் எடுத்த விளம்பரத் தாள்களை நெஞ்சிலும் முதுகிலும் அடுக்கி, கோட்டை இறுக்கி மூடினாள். கால்களுக்கு ரொட்டிப் பை, கைகளுக்கு ரப்பர் கையுறை. பையில் மிச்சமிருந்த அல்வாவை வாயில் திணித்தாள். இரண்டு சைக்கிளையும் மைல்கல்லில் சாத்திவிட்டு, "நடங்க அக்கா," என்றாள்.

வெலிச்கா இருபது அடி நடந்தாள். மறுபடி உட்காரப் பார்த்தாள்.

"அக்கா, கெஞ்சிக் கேக்கிறேன், நடங்க."

"போடி. தூக்கம் வருது."

கெஞ்சினால் இவள் நகர மாட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் வெலிச்காவை எதுவாவது துள்ளி எழ வைத்திருக்கிறது என்றால் அது கோபம் ஒன்றுதான். டஃபினா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கிரேன் கூண்டிலிருந்து கத்துவதுபோலக் கத்தினாள்.

"ஏய், எந்திரிடி!"

வெலிச்காவின் கண் பாதி திறந்தது. "யா... யாரை டீ போட்டுப் பேசுற?"

"உன்னைத்தான்டி. வேற யாரு இருக்கா இங்க? தண்ணி சைபர்லதான் உறையும்னு சொன்னியே, இப்ப நீ உறைஞ்சிருக்கே. எந்தக் கணக்குடி இது?"

"மரியாதையாப் பேசு."

"எந்திரிச்சு நின்னு சொல்லு, பேசுறேன்."

வெலிச்கா எழுந்தாள். தள்ளாடினாள். டஃபினா அவள் இடுப்பில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள், வாயை மட்டும் மூடவில்லை. நெஞ்சில் கிடந்ததை எல்லாம் வாரிக் கொட்டினாள். எறும்புச் சொல்லைக் கொட்டினாள். ஒவ்வொரு பண்டிகையிலும் தன் சமையலில் உப்பு கூட, உப்பு குறைச்சல் என்று ராத்கோவிடம் சொன்னதைச் சொன்னாள். வெலிச்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை முனகினாள். முனகும் வரைக்கும் கால் நடந்தது. கோபம் தணிகிற மாதிரி தெரிந்தால் டஃபினா இன்னும் பெரிய கட்டையை அடுப்பில் போட வேண்டியிருந்தது. அரை மணி போனதும் போட எதுவும் மிச்சமில்லை. வெலிச்காவின் முழங்கால் மடங்கியது. அப்போதுதான் சொல்லக் கூடாததை டஃபினா சொன்னாள்.

"உம் புருஷன் வார்னாவுக்கு வேலை தேடியாடி போனான்? வாயைத் தொறந்தாத் திருத்துற பொண்டாட்டிகிட்டேர்ந்து தப்பிச்சு ஓடினான்! பதினோரு வருஷம் தாக்குப் பிடிச்சானே, அவனுக்குச் சிலை வைக்கணும்!"

வெலிச்கா நின்றாள். பனி அப்பிய முகம் திரும்பி டஃபினாவைப் பார்த்தது. கண்ணில் உயிர் இருந்தது, நெருப்பும் இருந்தது. டஃபினாவின் கையை உதறிவிட்டுத் தானாக நடந்தாள். வெறியோடு நடந்தாள். டஃபினா பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

அடுத்த வளைவில் கீழே இருந்து உறுமல் கேட்டது. ஆரஞ்சு விளக்கு சுழல, முன்னால் இரும்பு அலகோடு பனி தள்ளும் லாரி மேலே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் டஃபினா நடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டியவன் நாற்பது வயதுக்காரன், சப்ரி. எட்டிக் குதித்து வந்தான்.

"அட கடவுளே! எங்கேர்ந்து வரீங்க அக்கா, வானத்துலேர்ந்தா?"

"சைக்கிள்ல," என்றாள் டஃபினா.

"சைக்கிள்லயா! இந்தப் பாதையில ரெண்டு நாளாக் கரடிகூட வரல." பேசிக்கொண்டே வெலிச்காவைத் தூக்கி வண்டிக்குள் வைத்து ஹீட்டரைத் திருப்பிவிட்டான். டஃபினா அவள் கையைத் தேய்க்கப் போனபோது தடுத்தான். "தேய்க்காதீங்க. சும்மா அக்குள்ல வச்சு அணைச்சுக்குங்க. மெதுவா உறைவு விடட்டும்." பிளாஸ்க்கிலிருந்து சர்க்கரை போட்ட மலைத் தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தான். வெலிச்கா பாதி குடித்து, பாதி சிந்தினாள். பிறகு நடுங்கத் தொடங்கினாள். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு டஃபினாவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நடுங்குகிறாள், அப்படியானால் உடம்பு மறுபடி சண்டை போடுகிறது. டஃபினாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. சப்ரி ரோட்டைப் பார்த்து ஓட்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டியைத் திருப்பி அவர்களைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனான். சப்ரியின் வீடு கணவாய்க்குக் கீழே முதல் கிராமத்தில். அவன் மனைவி நெஃபியே இரண்டு பேரையும் பார்த்தாள், உடனே அடுப்பில் விறகைப் போட்டாள். கம்பளியைச் சுற்றி உட்கார வைத்து, பெரிய பீன்ஸ் போட்ட சூப்பைக் கொடுத்தாள். அடுத்த தெரு நர்ஸ் வந்து பார்த்து, நாடி சரியாகிவிட்டது, விரல்கள் எல்லாம் தப்பின என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் டஃபினாவிடம், "உலர்ந்த சட்டை யாரு மாத்தினது? நீங்களா? அதுதான் காப்பாத்துச்சு," என்றாள்.

ஆபத்து விலகியதும் டஃபினாவுக்கு வேறு பயம் வந்தது. வெலிச்கா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன சொல்லை அள்ள முடியுமா? ராத்கோவிடம் போனில் "கொஞ்சம் பனி, ஒரு நாள் தங்கிட்டுப் போறோம்" என்று மட்டும் சொல்லிவைத்தாள். இந்த ஆறு நாளோடு குடும்பம் இரண்டாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள். நெஃபியே உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது வெலிச்கா வாயைத் திறந்தாள்.

"நீ சொன்னதுல ஒரு தப்பு இருக்கு."

டஃபினா அவள் பக்கம் திரும்பினாள். "எதுல அக்கா?"

"பதினோரு வருஷம் இல்ல. பதிமூணு."

அடுப்பில் விறகு வெடித்தது.

"இன்னொரு தப்பும் இருக்கு," என்றாள் வெலிச்கா. "அவன் தப்பிச்சு ஓடல. பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சவ நான். அம்மா கேட்டா நொறுங்கிப் போயிடுவாங்கன்னு, அவனே வேலைக்குப் போயிட்டான்னு சொன்னோம். ராத்கோவுக்கே தெரியாது."

"ஏன் அக்கா கட்டி வச்சீங்க?"

"எட்டும் ஏழும் பதினாறுன்னு வாதாடுவான்."

டஃபினாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. வெலிச்காவின் உதடும் துடித்தது. நெஃபியே கரண்டியோடு திரும்பிப் பார்த்து, எதற்கு என்று தெரியாமலே தானும் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் டஃபினா கேட்டாள். "அந்த எறும்புப் பேச்சு? அது ஞாபகம் இருக்கா?"

வெலிச்கா யோசித்தாள். "நான் அப்படிச் சொன்னேனா? ஞாபகமே இல்லயே." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப எனக்கு உன்னைக் கண்டாப் பயம்டி. அவ்வளவு உசரத்துல ஏறி உக்காருற பொண்ணு என்னை என்ன மதிக்கப் போறான்னு," என்றாள்.

வெலிச்காவின் தட்டிலிருந்த அடை ஆறிப்போயிருந்தது. டஃபினா அதை எடுத்துவிட்டுச் சூடாக ஒன்றைப் போட்டாள்.

மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. கூரையிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று சரிந்து விழுந்தது. சப்ரி மேலே போய், இரண்டு சைக்கிளையும் லாரியின் இரும்பு அலகுக்கு மேல் கட்டி ஊர்வலம் போலக் கொண்டுவந்து இறக்கினான். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தான். டஃபினா திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டாள். வெலிச்காவின் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு, ஸ்மோல்யான் வழியாக ஸ்லாத்தோகிராதுக்கும், அங்கிருந்து எல்லை தாண்டியும் போனார்கள். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் வெலிச்கா ஏதாவது ஒரு மரத்தைத் தேடிப் போய், முணுமுணுத்துக்கொண்டே சட்டை மாற்றினாள்.

கிரேக்கப் பக்கத்து இறக்கம் நீளமானது. பாதி வழியிலேயே காற்று வெதுவெதுப்பாக மாறியது. சாலையோரத்தில் சிவப்புப் பாப்பிப் பூக்கள் பூத்துக் கிடந்தன. கையுறையைக் கழற்றினார்கள், தொப்பியைக் கழற்றினார்கள், கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினார்கள். க்ஸாந்தி ஊரின் முதல் சாப்பாட்டுக் கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, வெயில் விழும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். வறுத்த மீன் வந்தது. டஃபினா இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். மூன்றாவது தட்டு வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். வெலிச்கா தன் தொப்பியை எடுத்து, வெயில் கண்ணில் விழாமல் அவள் முகத்தின் மேல் வைத்துவிட்டு, கடைக்காரனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.